பெயர் எழுதாத முகங்கள்



ஆண்டு மலர் என்றாலே கவிதை, ஜோக்ஸ், துணுக்கு என்று நம்ம ஆட்கள் எழுதிக் குவித்துவிடுவார்கள். நான் ஒரு பாடம் எழுத வந்திருக்கிறேன். பயந்துபோய் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதற்கு யூனிட் டெஸ்டும் கிடையாது, வைவாவும் கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆட்டிப் படைத்த ஒரு மோகத்தைப் பற்றியது இந்தப் பாடம். உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டிய முகங்களை விலைக்கு வாங்கியும், நண்பர்களோடு மாற்றிக் கொண்டும், கேட்டு வாங்கியும் ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்தார்கள். 'கார்ட்டோமேனியா' என்று இந்த மோகத்துக்குப் பெயர். இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அவ்வளவு ஆசையாகச் சேர்த்த முகங்களில் எத்தனையோ முகங்கள் இன்று யாருடையவை என்றே தெரியாமல் போனது எப்படி? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள், பாடத்துக்குள் போவோம்.

முதலில் ஒரே ஒரு பிரதி

புகைப்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பிரான்ஸ் நாட்டு தாகேர் கண்டுபிடித்த முறையில், வெள்ளி பூசிய செம்புத் தகட்டின் மேலேயே படம் விழும். கண்ணாடி மாதிரி பளபளக்கும், நுணுக்கமாகவும் இருக்கும். ஆனால் ஒரு குறை. நெகட்டிவ் கிடையாது. ஒரு தடவை எடுத்தால் ஒரே ஒரு படம்தான். அண்ணனுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று வேண்டும் என்றால் மறுபடியும் போய் உட்கார வேண்டும். செலவும் அதிகம். சாதாரண ஜனங்கள் படம் எடுத்துச் சேகரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தப் பூட்டைத் திறக்க இரண்டு சாவிகள் தேவைப்பட்டன. ஒன்று, 1850-ல் பிரான்ஸில் பிளாங்கார் எவ்ரார் அறிமுகம் செய்த ஆல்புமின் காகிதம். இன்னொன்று, 1851-ல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. ஆர்ச்சர் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். உலகமே அதை வைத்துச் சம்பாதித்தது. அவரோ 1857-ல் வறுமையில் இறந்தார்.

திஸ்தேரியின் கணக்கு

1854-ஆம் ஆண்டு நவம்பரில், பாரீஸில் ஸ்டூடியோ வைத்திருந்த அடால்ஃப் யூஜின் திஸ்தேரி ஒரு காப்புரிமை வாங்கினார். அவர் புதிய ரசாயனம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம் மெக்கானிக்கல் நண்பர்கள் புரொடக்‌ஷன் பாடத்தில் படிக்கிற விஷயத்தைத்தான் செய்தார். ஒரே தகட்டில் பல படம்!

கேமராவில் ஒரு லென்சுக்குப் பதில் நான்கு லென்ஸ். தகடு வைக்கும் சட்டம் பக்கவாட்டில் நகரும். முதல் பாதியில் நான்கு, சட்டத்தை நகர்த்திவிட்டு அடுத்த பாதியில் நான்கு, ஆக மொத்தம் எட்டுப் படம். காப்புரிமையில் பத்து என்று இருந்தது, ஆனால் நடைமுறையில் எட்டுதான் நிலைத்தது. அந்த ஒரு தகட்டிலிருந்து பத்து ஷீட் பிரிண்ட் போட்டால் எண்பது படங்கள். வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

அட்டையின் அளவு சுமார் 6.4 செ.மீ.க்கு 10 செ.மீ. அந்தக் காலத்து விசிட்டிங் கார்டு அளவு. அதனால்தான் பிரெஞ்சு மொழியில் 'கார்ட் டி விசித்' என்ற பெயர் வந்தது. படத்தை ஏன் அட்டையில் ஒட்ட வேண்டும் என்று கேட்கலாம். ஆல்புமின் காகிதம் மிக மெல்லியது. உலர்ந்ததும் ஓலைச் சுருள் மாதிரி சுருண்டுவிடும். அழகுக்காக அல்ல, சுருளாமல் இருக்கத்தான் அட்டை. அந்த அட்டையே பிறகு அதன் அடையாளமாகிவிட்டது.

பெரிய படம் ஒன்றுக்கு ஐம்பது, நூறு ஃபிராங்க் வாங்கிய ஊரில், திஸ்தேரி பன்னிரண்டு கார்டுகளை 20 ஃபிராங்குக்குக் கொடுத்தார். மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி 1859-ல் இத்தாலிக்குப் படை நடத்திப் போகும்போது, ஸ்டூடியோ வாசலில் சேனையை நிறுத்திவிட்டு உள்ளே போய் படம் எடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் இப்படிக் கதை கட்டும் அளவுக்கு அவர் பேர் பரவியிருந்தது என்பது நிஜம். எல்லோரும் அதே மாதிரி கேமரா வைத்துக்கொண்டதும் போட்டி வந்தது, விலை இறங்கியது. திஸ்தேரியும் 1889-ல் கையில் காசில்லாமல்தான் இறந்தார்.

ஒரு படம் எப்படிப் பிறந்தது?

இதை கெமிஸ்ட்ரி லேப் ரெக்கார்டு மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

1. வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கிடைப்பது கொலோடியன். அதில் அயோடைடு உப்பைக் கலந்து, சுத்தமான கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பரப்ப வேண்டும்.

2. இருட்டறையில் அதை சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கினால், தகட்டின் மேல் ஒளியை உணரும் சில்வர் அயோடைடு உருவாகும்.

3. ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் தகடு வீண். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

4. ஃபெரஸ் சல்பேட்டில் டெவலப் செய்து, ஹைப்போவில் நிலைநிறுத்தி, கழுவி, வார்னிஷ் பூசினால் நெகட்டிவ் தயார்.

5. நெகட்டிவுக்கு அடியில் ஆல்புமின் காகிதத்தை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். டெவலப்பர் தேவையில்லை. வெயிலே படத்தை வரைந்துவிடும். பிறகு கோல்டு குளோரைடில் நிறம் ஏற்றி, ஹைப்போ போட்டு, நன்றாகத் தண்ணீரில் அலச வேண்டும்.

படம் எடுக்கும் சில விநாடிகள் ஆள் அசையக் கூடாது. அதற்காக முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, தலையை அதில் தாங்க வைப்பார்கள். பழைய படங்களில் நிற்பவரின் பூட்ஸுக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள். ஸ்டாண்டின் பாதம் எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாம் 'உம்'மென்று இருந்தார்கள் என்று நாம் நினைப்பதற்கு இந்த ஸ்டாண்டும் ஒரு காரணம். விநாடிக்கணக்கில் சிரித்தபடியே நின்று பாருங்கள், தெரியும்!

ஆல்புமின் என்பது வேறு ஒன்றுமில்லை, முட்டையின் வெள்ளைக்கருதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் இந்தக் காகிதத்துக்குப் பேர் போனது. அங்கே ஒரே ஒரு தொழிற்சாலை 1888-ல் 18,674 ரீம் காகிதம் செய்தது. ஒரு ரீமுக்கு 27 டஜன், அதாவது 324 முட்டை. பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 60 லட்சம் முட்டைக்கு மேல் வருகிறது! மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்று நம் ஹாஸ்டல் நண்பர்கள் கேட்பார்கள். தோல் பதனிடும் தொழிலுக்கு விற்றார்கள்.

ஆல்பம் வந்தது

கார்டுகள் எல்லாம் ஒரே அளவு. எந்த ஊரில், எந்த ஸ்டூடியோவில் எடுத்தாலும் அதே அளவு. ஸ்டாண்டர்டு சைஸ் என்று ஒன்று வந்துவிட்டால் அதைச் சுற்றி ஒரு தொழில் வளரும் இல்லையா? 1860 வாக்கில் அப்படி வளர்ந்ததுதான் ஆல்பம். தடித்த அட்டைப் பக்கங்கள், அவற்றில் ஜன்னல் மாதிரி வெட்டிய சட்டங்கள், கீழே ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாகக் கார்டைச் செருக வேண்டும். ஒரு ஜன்னலுக்குள் இரண்டு கார்டு முதுகோடு முதுகாக உட்காரும். மேலே தோல் அட்டை, பித்தளைக் கொக்கி. பார்த்தால் வேதப் புத்தகம் மாதிரி கனமாக இருக்கும்.

முதல் பக்கத்தில் பெரும்பாலும் ராஜ குடும்பம். அடுத்து மந்திரிகள், பாதிரியார்கள், எழுத்தாளர்கள், நடிகைகள். அப்புறம்தான் சொந்த அப்பா, அம்மா, மாமா, மச்சான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வரவேற்பறையில் ஆல்பத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். 'என்னிடம் யார் யார் கார்டு இருக்கிறது பார்' என்று காட்டுவதில் ஒரு பெருமை. ஒருவர் தன் கார்டைக் கொடுத்தால் நீங்களும் உங்கள் கார்டைக் கொடுக்க வேண்டும், அது மரியாதை. இங்கிலாந்தின் சில சீமாட்டிகள் கார்டிலிருந்து முகங்களைக் கத்தரித்து, தாங்கள் வரைந்த வண்ணச் சித்திரங்களுக்குள் ஒட்டி விளையாடினார்கள். லேடி ஃபில்மர் என்பவரின் ஆல்பம் இதற்கு நல்ல உதாரணம்.

இந்த மோகத்துக்குப் பெரிய விளம்பரம் விக்டோரியா மகாராணிதான். 1860-ல் மேயால் என்ற புகைப்படக்காரர் ராஜ குடும்பத்தின் படங்களைக் கார்டுகளாக விற்க மகாராணி அனுமதி கொடுத்தார். கடைகளில் லட்சக்கணக்கில் விற்றது. மகாராணியே சேகரிப்பாளர்தான். தன் தோழிப் பெண் மூலம் பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்குக் கடிதம் எழுதி கார்டு கேட்டு வாங்கினார். 1861 டிசம்பரில் அவர் கணவர் ஆல்பர்ட் இறந்தபோது, ஒரே வாரத்தில் அவர் படத்துக்கு 70,000 பிரதிகள் ஆர்டர் குவிந்தன. முகம் ஒன்று இப்படி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது அதுவரை உலகம் பார்க்காத காட்சி.

மூன்று பிள்ளைகளின் படம்

இனிமேல்தான் என் கேள்விக்கு வருகிறேன்.

1863 ஜூலை மாதம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் பயங்கர சண்டை. சண்டை ஓய்ந்தபின் ஊருக்குள் ஒரு வடக்குப் படை வீரனின் சடலம் கிடைத்தது. பெயர் தெரியவில்லை. ஆனால் அவன் கையில் ஒரு படம் இருந்தது. மூன்று சின்னப் பிள்ளைகள், இரண்டு பையன், ஒரு பெண். சாகும்போது அதைப் பார்த்துக்கொண்டே செத்திருக்கிறான்.

அது கண்ணாடி மேல் எடுத்த ஆம்ப்ரோடைப் படம். அதாவது ஒரே பிரதி. அந்தப் படம் பிலடெல்பியாவைச் சேர்ந்த டாக்டர் பர்ன்ஸ் என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைப் படம் எடுத்துக் கார்டுகளாகப் பிரதி போட்டார். அந்தக் காலத்தில் பத்திரிகையில் போட்டோ அச்சிடும் வசதி கிடையாது. அதனால் பிள்ளைகளின் வயது, முகம், சட்டைத் துணியின் டிசைன் எல்லாவற்றையும் வார்த்தையில் வர்ணித்து அக்டோபர் 19-ல் ஒரு பிலடெல்பியா பத்திரிகையில் செய்தி வந்தது. இவர்களின் தகப்பன் யார் என்பதுதான் கேள்வி. மற்றப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன.

நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சிறு ஊர். அங்கே ஃபிலிண்டா ஹமிஸ்டன் என்ற பெண், தன் கணவன் ஏமாஸுக்கு அதே மாதிரி படம் ஒன்றை அனுப்பியிருந்தார். கெட்டிஸ்பர்க்குக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. செய்தியைப் படித்ததும் கார்டு ஒன்று கேட்டு எழுதச் செய்தார். நவம்பரில் தபால் வந்தது. பிரித்துப் பார்த்தால், தன் மூன்று பிள்ளைகள், ஃபிராங்க், ஆலிஸ், ஃபிரெட். தான் விதவையாகிவிட்டோம் என்பது அந்தப் பெண்ணுக்கு ஒரு கார்டு சொல்லித்தான் தெரிந்தது.

அந்தக் கார்டுகளை விற்ற பணத்தின் உதவியோடு 1866-ல் கெட்டிஸ்பர்க்கிலேயே போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார்கள். ஹமிஸ்டன் குடும்பமும் அங்கே போய்த் தங்கியது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தோடு ஒரு பெயரும் ஊரும் எழுதியிருந்தால் இத்தனை மாதத் தேடல் வேண்டியிருக்காது. இது கண்டுபிடிக்கப்பட்ட ஒரு கதை. இப்படி யாரும் தேடாத, தேடியும் கிடைக்காத கதைகள் எத்தனை?

பெயரைக் காப்பாற்றியவர்கள்

பெயரை விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. லண்டனில் 1859 முதல் 1868 வரை ஸ்டூடியோ நடத்திய காமில் சில்வி, எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் நம்பர் போட்டு, பெயர் எழுதி, ஒரு பிரதியும் ஒட்டி நாள் குறிப்பேடு வைத்திருந்தார். சுமார் 17,000 அமர்வுகள்! அந்தப் புத்தகங்கள் இன்று லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் பெற்றோரை இழந்து, இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, விக்டோரியா மகாராணியின் ஆதரவில் வளர்ந்த சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா 1862-ல் அங்கே படம் எடுத்துக்கொண்டார். அவரைப் பெயரோடு இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால், அந்தக் குறிப்பேட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

இதைவிட என்னை அசத்தியது சோஜர்னர் ட்ரூத். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1826-ல் தப்பி வந்து, அடிமை முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய பெண்மணி. இசபெல்லா என்ற தன் பெயரை 1843-ல் தானே மாற்றி வைத்துக்கொண்டார். தன் கார்டு படங்களைக் கூட்டங்களில் விற்றுத்தான் செலவுக்குப் பணம் திரட்டினார். நிழலை விற்று நிஜத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற பொருளில் ஒரு வாசகமும், அதோடு தன் பெயரும் கார்டின் முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். 1864-ல் அந்தப் படத்துக்குத் தன் பெயரிலேயே பதிப்புரிமையும் பதிவு செய்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தில் பெயர் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. படித்த நமக்கு?

பெயர் கேட்கப்படாதவர்கள்

நம் பக்கமும் இந்த அலை வந்தது. 1860-களில் மதராஸில் நிக்கலஸ் சகோதரர்களின் ஸ்டூடியோ இருந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த ஐரோப்பிய ஸ்டூடியோக்கள், வெள்ளைக்காரர்கள் ஊருக்கு அனுப்பவும் ஆல்பத்தில் வைக்கவும் நம் மக்களையும் கார்டு படங்களாக எடுத்து விற்றன. அவற்றில் தண்ணீர் சுமப்பவர், வண்ணார், நாட்டியப் பெண் என்று தொழிலும் சாதியும் எழுதியிருக்கும். ஆளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அரசாங்கமே 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. நானூறுக்கு மேல் படங்கள், அதிலும் பெரும்பாலும் இதே கதைதான். அங்கே துரையின் ஆல்பத்தில் துரைசாமியின் முகம் உண்டு, பெயர் இல்லை. மறதியால் போன பெயர் ஒரு வகை. கேட்கவே படாமல் போன பெயர் இன்னொரு வகை. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

துப்பறியும் பாடம்

பெயர் இல்லாத கார்டு கிடைத்தால் காலத்தையாவது கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும்.

* அட்டையின் மூலைகள் கூராக, அட்டை மெல்லிசாக இருந்தால் 1860-களாக இருக்க வாய்ப்பு அதிகம். மூலை உருண்டு, அட்டை தடித்திருந்தால் 1870-க்குப் பின்.

* அமெரிக்கக் கார்டின் பின்னால் வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டுமே புகைப்படத்துக்கு வரி இருந்தது.

* பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்கும். அந்த முகவரியில் கடை எந்த ஆண்டில் இருந்தது என்று தேடினால் காலம் சிக்கும்.

பாருங்கள், ஸ்டூடியோக்காரர் தன் பெயரை மறக்காமல் போட்டுவிட்டார். படத்தில் இருப்பவர் பெயரைத்தான் யாரும் போடவில்லை. பல ஆல்பங்களின் முதல் பக்கத்தில் நம்பர் போட்டு, கோடு போட்டு, பெயர் எழுத அட்டவணையே அச்சடித்துக் கொடுத்தார்கள். அதுவும் பல ஆல்பங்களில் காலியாகவே கிடக்கிறது. காரணம் ரொம்ப சாதாரணம். 'இது நம்ம சித்தப்பா, இதை வேறு எழுதணுமா?' என்று நினைத்தார்கள். எழுதாதவருக்குத் தெரியும், அவர் பிள்ளைக்கும் தெரியும், பேரனுக்குத் தெரியாது. மூன்றாவது தலைமுறையில் ஆல்பம் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். என் கேள்விக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

பிறகு 1866 வாக்கில் பெரிய அளவு கேபினட் கார்டு வந்தது. 1888-ல் ஈஸ்ட்மனின் கோடக் கேமராவும், 1900-ல் ஒரு டாலர் பிரௌனியும் வந்தபின், படம் எடுக்க ஸ்டூடியோ ஏற வேண்டிய அவசியமே குறைந்தது. கார்டு மோகம் அடங்கியது. பெயர் எழுதாத பழக்கம் மட்டும் அடங்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

டிராயிங் ஹாலில் டைட்டில் பிளாக் போடாமல் ஷீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சார் வாங்குவாரா? 'இது யார் ஷீட்டுய்யா?' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. போட்டோவுக்கும் அதே விதிதான். வீட்டில் இருக்கும் பழைய படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வையுங்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் என்று கேளுங்கள். படத்தைச் சுத்தமான மேஜையில் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்து ஓரத்தில், மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், ஆண்டு. பேனா மை ஊறும், பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் தடம் விழும். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். கைபேசியில் இருக்கும் ஆயிரம் படங்களில் முக்கியமானவற்றையாவது பெயரிட்டு, ஒரு பிரதி பிரிண்ட் போட்டு வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் குரூப் போட்டோ எடுக்கும்போது நம் வகுப்பு நண்பர்களின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ஓரத்தில் நிற்கும் லேப் அட்டெண்டர் அண்ணன், ஒர்க்‌ஷாப் உதவியாளர், மெஸ் அக்கா, வாட்ச்மேன் ஐயா, இவர்கள் பெயரையும் கேட்டு எழுதுங்கள். மூன்று வருடமாக 'அண்ணே', 'அக்கா' என்றே கூப்பிட்டிருப்போம், முழுப் பெயர் தெரியாது. கேட்டால் அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.